எங்கள் பல் மருத்துவத் துறை வளர்ந்த வரலாறு

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல், பல்லுக்கு ஆகாது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் என்றால் எங்கள் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவத் துறை பிறந்த கதையிலிருந்துதான் வர வேண்டும். விருதுநகர் ரோட்டில் கட்டடம் எழும்பியது, நாற்காலிகள் வந்து இறங்கின, மாணவர்கள் சேர்ந்தார்கள். வாய் திறக்கத்தான் ஆள் இல்லை. பல் இருக்கிறவன் பக்கோடா சாப்பிடுவான், எங்களிடம் எதற்கு வருவான்? ஆனால் இத்தனை பல் பிடுங்கினால்தான் கடைசி வருடப் பரீட்சை எழுதலாம் என்று நாங்களே விதி வைத்திருந்தோம். பிள்ளைகள் பாவம்.

துறைத் தலைவர் நான். வழி கண்டதும் நான்தான். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் வாரங்களில் ஆனைக்குட்டம் பக்கம் கல்லூரி பஸ்ஸை அனுப்பி ஆட்களை ஏற்றி வரச் செய்தேன். இலவச சிகிச்சை முகாம், மத்தியானம் பிரியாணிப் பொட்டலம். பல்லில் பூச்சி இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் நம் சனம் மறுபேச்சுப் பேசாது. நல்ல பல், சொத்தைப் பல் என்று நாங்களும் பேதம் பார்க்கவில்லை. சமத்துவம் எங்கள் துறையின் பெருமை.

இந்த வருடம் பொன்மணி வந்தாள். வெடிக்குத் திரி செருகுகிற பெண்; கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாயில் ஒரு பல்கூடப் பழுதில்லை. கடைவாயில் பூச்சி என்றேன்.

"டாக்டரய்யா, எனக்கு வெட்டுப்பட்டா ரத்தம் லேசுல நிக்காது. ஊசி போடக்கூட டவுன் டாக்டரு யோசிப்பாக" என்றாள்.

மாணவி ஸ்ரீமதி என் முகத்தைப் பார்த்தாள். "ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டு எடுப்போமே சார்."

அடுத்த வாரம் பரீட்சை. ஸ்ரீமதிக்கும் அவளோடு படிக்கும் புகழேந்திக்கும் கணக்கில் பல் குறைந்தது. ஆளுக்கொன்றாக எடுக்கச் சொன்னேன்.

பஞ்சு வைத்தோம். நனைந்தது. மாற்றி வைத்தோம். ரத்தம் தொண்டைக்குள் இறங்க ஆரம்பித்ததும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று ஸ்ரீமதி அழுதாள். அனுப்பினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் முகாம் நிற்கும். இத்தனை பிள்ளைகளின் எதிர்காலம் என்ன ஆவது? கதவைச் சாத்தச் சொன்னேன். பொன்மணியைச் சாக விட்டது நான்தான். மாணவர்கள் பெயரை இழுக்காதீர்கள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்.

வெளியே அவள் அம்மா முருகம்மாள் காத்திருந்தாள். "இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்யா? பஸ்ஸு கெளம்பிரப் போகுது" என்றாள்.

மருந்து மயக்கத்தில் மகள் தூங்குகிறாள் என்றேன். அப்போது பொன்மணியின் உடம்பு சில்லிட்டிருந்தது. புகழேந்திக்கோ இன்னும் ஒரு பல் தேவைப்பட்டது. சும்மா காத்திருப்பானேன் என்று முருகம்மாளைப் பக்கத்து அறை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

பெற்றவள், பாவம். அவளுக்கு வலிக்கக் கூடாது என்று, மரத்துப்போகிற ஊசியை நானே என் கையால் போட்டேன்.