முதல் குடத் தண்ணீர்

கொதித்து ஆறிய தண்ணீருக்கு ருசி கிடையாது. எங்கள் மேனேஜருக்கு அது இறங்காது. அதனால் அலுவலகத்தில் எப்போதும் கேன் தண்ணீர்தான். விசாரணையில் நீங்கள் கேட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆலையில் தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதே ஆலையில் மூட்டை தூக்கித்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார்.

தொழிலாளர் குடியிருப்புக்குப் போகும் குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடந்தது. விரிசல் விட்ட குழாய். தண்ணீர் நின்றதும் அது சாக்கடையை உள்ளே இழுக்கும்; மறுபடி திறந்தால் முதல் குடத்தில் வருவது அதுதான். மலம் கலந்த தண்ணீரை மருந்து போட்ட சோதனைப் புட்டியில் பிடித்து வைத்தால் மறுநாள் கறுத்துவிடும். பதினொரு கறுத்த புட்டிகளை மேனேஜர் மேசையில் வைத்தேன்.

“என்னம்மா இது, இங்க் கடை போடப் போறியா?” என்றார். கணக்கர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“குழாய மாத்தணும் சார். காலரா வரும்.”

“கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொல்லு. படிச்ச பொண்ணுதானே, எடுத்துச் சொல்ல மாட்டியா?”

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஒல்லி அக்கா எங்கள் அலுவலகத்தைப் பெருக்குபவர். “இருக்கறது ஒரு அடுப்பு. வேலைக்கு ஓடறதுக்குள்ள சோறு வடிக்கவா, வெந்நீர் போடவா? நீயே சொல்லுடி, பட்டதாரி” என்றார்.

“முதல் குடத்தையாவது கொட்டிடுங்கக்கா. உங்க பாப்பாவுக்கு மட்டும் குழாய்த் தண்ணியே வேணாம்.”

சொன்னபடியே காலரா வந்தது. அப்பா ஒன்றரை நாளில் போய்விட்டார். உடம்பிலிருந்த நீரெல்லாம் கழுநீர் போல வெளியேறியது. உப்பும் சர்க்கரையும் கரைத்து ஊற்ற ஊற்ற வாந்தியாகவே வந்தது. ஆலையின் மருத்துவ அறையில் ஏற்றுவதற்கு ஒரு டிரிப் பாட்டில்கூட இல்லை. சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் ‘வெயில்’ என்று எழுதி மேனேஜர் தாளை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். “எழுத்து முத்து முத்தா இருக்கேம்மா” என்றார்.

திங்கட்கிழமை தண்ணீர் திறந்ததும் முதல் குடத்தைப் பிடித்து அலுவலகக் கேனில் ஊற்றினேன். வேறெதுவும் கலக்கவில்லை. எங்களுக்கு அவர்கள் கொடுத்ததைத்தான் அவர்களுக்குக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு டம்ளர் குடித்தார். நான் வீட்டில் காய்ச்சிக் கொண்டுபோனதைக் குடித்தேன்.

ஐந்து பேர் படுத்தார்கள். மேனேஜரைக் காரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டிரிப் ஏற்றி, நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பத்தே நாளில் குடியிருப்புக்குப் புதுக் குழாய் வந்தது. பதினொரு புட்டிகள் கெஞ்சியும் வராத குழாய். இப்போது புட்டி கறுப்பதில்லை. நீங்களே பிடித்து வைத்துப் பாருங்கள்.

அடுத்து ஒல்லி அக்காவின் மகளைப் பற்றிக் கேட்பீர்கள். நான்கு வயது. நான் சொன்ன நாளிலிருந்து அக்கா பெருக்கி முடித்ததும் அலுவலகக் கேனில் ஒரு பாட்டில் பிடித்து, பைக்குள் மறைத்துக் கொண்டுபோயிருக்கிறார். பிள்ளைக்காவது நல்ல தண்ணீர் கிடைக்கட்டுமே என்று. எனக்குத் தெரியாது.

கேனில் ஊற்றியது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் சாவை என் கணக்கில் எழுதாதீர்கள். ‘அலுவலக ஊழியர்களுக்கு மட்டும்’ என்று கேன் மேல் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அக்காவுக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?