என் முதல் வான்கோழி

வான்கோழியைக் கொல்வதைவிடச் சமைப்பது கடினம், தம்பி. முப்பத்தோரு வருஷம் வான்கோழி ஆலையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். எத்தனை லட்சம் பறவைகள் என் கைவழியே போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒன்றையாவது அடுப்பில் ஏற்றியிருக்கிறேனா என்று கேட்டால், போன நவம்பர் வரை இல்லை. அது என் மனைவி ஆர்டிஸின் வேலை. அவள் சமைப்பாள், நான் மேசைத் தலைமாட்டில் நின்று அறுத்துப் பரிமாறுவேன். நாற்பத்தாறு நன்றித் திருநாள் இப்படித்தான் போயிற்று. நாற்பத்தேழாவதற்கு அவள் இல்லை. மார்ச் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்களே. எடுத்துக்கொள்ளுங்கள். தானியக் கிடங்கை ஒட்டிய காப்பிக் கடையில் நான் கதை விடுகிறவன் என்பது உங்களுக்கும் தெரியும். ஆலையிலிருந்து தப்பிய வான்கோழி ஒன்று எங்கள் சர்ச் கமிட்டியில் இரண்டு வருஷம் உறுப்பினராக இருந்தது, வாயைத் திறக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டியதால் பாதிரியார் உள்பட யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று நான் சொன்னதற்கு நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். அதே கிழவன்தான் இப்போதும் பேசுகிறான் என்று நினைப்பீர்கள். இருக்கட்டும். முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எது கதை என்று பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் கர்ட். மினியாபோலிஸில் மனைவி ஜோலீனோடு இருக்கிறான். இளையவள் லோர்னா. டுலுத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நவம்பர் நாலாவது வியாழன், நன்றித் திருநாளன்று மூவரும் பன்னிரண்டு மணிக்கு வருவார்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு. நாலு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொள்வார்கள். ஜோலீனின் அப்பா அம்மா வீட்டில் ஆறு மணிக்கு இரண்டாவது வான்கோழி காத்திருக்கும். லோர்னாவுக்கு நெடுந்தூரம், பாதையில் பனி விழும் முன் போயாக வேண்டும். ஆர்டிஸ் இருந்தவரை இது எனக்கு உறைத்ததே இல்லை. அவர்கள் போன பிறகு அவள் பாத்திரம் கழுவுவாள், நான் துடைப்பேன், யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது என்று பேசிக்கொள்வோம்.

அக்டோபரில் கர்ட் போன் செய்தான்.

"அப்பா, இந்த வருஷம் ஓட்டல்ல சாப்பிட்டுக்கலாமே. நீங்க எதுக்குச் சிரமப்படணும்?"

"சிரமம் என்னடா. நானே சமைக்கிறேன்."

"நீங்களா? ரொட்டி வாட்டினதுக்கே தீயணைப்பு வண்டி வந்துச்சே."

"ஒரு தடவைதான் வந்துச்சு. அதுவும் அவங்க பக்கத்துத் தெருவுக்குப் போயிட்டிருந்தவங்க."

"சரிப்பா, உங்க இஷ்டம். நாலு மணிக்குக் கிளம்பிடுவோம். ஜோலீன் வீட்ல காத்திருப்பாங்க."

ஐந்து வாரத்துக்கு முன்பே நாலு மணி என்று சொல்லிவிட்டான். நான் காலண்டரில் குறித்துக்கொண்டேன். குறித்துவிட்டு நின்று அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் மூன்று படுக்கையறை. ஆறு மாதமாக இரண்டு அறையின் கதவை நான் திறக்கவே இல்லை.

தங்கிப் போங்கள் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் வெளியூர்க்காரர் இல்லையே தம்பி, உங்களுக்கே தெரியும். இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் தொந்தரவு. நான் கேட்டிருந்தால் "அடுத்த தடவை பார்க்கலாம்பா" என்றிருப்பார்கள், நானும் "ஆமாமா, அதுக்கென்ன" என்றிருப்பேன். நோய் வந்தால் மட்டும்தான் ஒருவர் இன்னொருவர் வீட்டில் கூச்சமில்லாமல் படுத்துக்கிடக்கலாம். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இதை நான் ரொம்ப நாள் நிதானமாக யோசித்தேன். வேறு வழி எதுவும் தோன்றவில்லை.

உங்கள் போலீஸ் நோட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மனைவியை இழந்த கிழவர், முதல் தடவையாகச் சமைக்கிறார். ஊரில் எல்லோரும் செய்வதுபோல, பிரிட்ஜில் இடமில்லாமல் பறவையைக் கார் ஷெட்டில் வைத்திருக்கிறார். நவம்பரில் எங்கள் கார் ஷெட்டைவிட நல்ல பிரிட்ஜ் எது? அந்த வாரம் ஒவ்வொரு வீட்டுக் கார் ஷெட்டிலும் பீரும் பூசணிப் பலகாரமும் வான்கோழியும்தான் குடியிருக்கும். பாவம், வண்டிக்காகப் போட்ட ஹீட்டரை அணைக்க மறந்துவிட்டார். உள்ளே வைத்தது கெட்டுப்போனது அவருக்குத் தெரியவில்லை. நல்ல விளக்கம். பேப்பரில் படித்தபோது நானே பாதி நம்பிவிட்டேன்.

ஆனால் அன்று வண்டி வெளியே மரத்தடியில் நின்றது, தம்பி. ஹீட்டரை வான்கோழிக்காகத்தான் போட்டேன்.

ஆலையில் என் கடைசிப் பதினோரு வருஷம் நான் கத்தி பிடிக்கவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். சோமாலியாவிலிருந்து வந்தவர்கள், மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், எல்லோருக்கும் ஒரே பாடம். கை கழுவுவது எப்படி, இறைச்சி எந்தச் சூட்டில் கெடும். பாரன்ஹீட்டில் நாற்பது டிகிரிக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவில் ஒரு கிருமிக்குக் கல்யாணம் ஆகிறது, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது ஒரு மாவட்டமே ஆகிவிடுகிறது என்பேன். மொழிபெயர்ப்பாளரும் சிரித்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்பார். அந்த வகுப்பை முந்நூறு தடவையாவது எடுத்திருப்பேன்.

சமையலுக்கு ஆர்டிஸ் எழுதி வைத்த அட்டை இருந்தது. வெங்காயம் இவ்வளவு, வெண்ணெய் இவ்வளவு, காய்ந்த ரொட்டி இவ்வளவு. "ரொட்டிக் கலவையை முந்தின நாளே பறவைக்குள் திணிக்காதே" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். மற்றதெல்லாம் அவள் எழுதியபடியே செய்தேன். அதை மட்டும் புதன்கிழமை காலையிலேயே திணித்தேன். கெட்ட வாடை வெளியே தெரியாமல் இருக்க சேஜ் இலையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். வெந்துவிட்டால் எழும்பிக் காட்டுகிற சிவப்புக் குமிழ் ஒன்று பறவையின் மார்பில் செருகியிருக்குமே, அதைச் செருகும் வரிசையில் நான் இரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். மறுநாள் மேல்தோல் மட்டும் சிவந்ததும் இடுக்கியால் அதை இழுத்துவிட்டேன். பார்வைக்கு ரொம்ப லட்சணமாக இருந்தது. ஜோலீன் படம்கூட எடுத்தாள்.

என் கணக்கு இரண்டு நாள். ஒரு தடவை ஆலைச் சுற்றுலாவில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டு நாற்பது பேர் படுத்தார்கள். இரண்டு நாள் புரண்டார்கள், திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார்கள். வெள்ளி, சனி. அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

சாப்பிட உட்கார்ந்தோம். கர்ட் ஒரு வாய் மென்றான். மெல்ல மென்றான்.

"அப்பா, இது... வித்தியாசமா இருக்கு."

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு மனிதன் சொல்லக்கூடிய அதிகபட்ச வசவு அதுதான். அதற்கு மேல் போனால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஜோலீன் அவன் காலை மேசைக்கடியில் உதைத்தது எனக்குக் கேட்டது.

"சேஜ் நல்லா மணக்குது மாமா" என்றாள்.

நான் உருளைக்கிழங்கு மசியல் மட்டும் சாப்பிட்டேன். பல் வலி என்று சொல்லியிருந்தேன். லோர்னா தட்டில் வைத்ததை முடித்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா."

"போதும்பா."

"உள்ளே இருந்த ரொட்டிதான் ருசி."

"வயிறு நிறைஞ்சிடுச்சுப்பா, நிஜமா."

இரண்டு தடவை வேண்டாம் என்பது இங்கே மரியாதை. மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால் அது சமைத்தவரின் முகத்தில் அடிப்பது. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தருவதில்லை, ஆனால் தொட்டிலை விட்டு இறங்கும்போதே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அம்மாவோட அட்டையைப் பார்த்துத்தான் செஞ்சேன், லோர்னா."

தட்டை நீட்டினாள்.

"மாட்டிக்கிட்டியா?" என்றான் கர்ட்.

"நீயும் நீட்டு, பெரிய மனுஷா. எனக்கு மட்டும் என்ன தனி விருந்தா?"

அவனும் நீட்டினான். ஆனால் அவள்தான் அதிகம் சாப்பிட்டாள். கடைசித் துணுக்கு வரைக்கும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "முதல் தடவைக்கு இது ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள்.

மூன்றரை மணிக்கு ஜோலீன் குளியலறைக்குப் போனாள். நாலு மணிக்குக் கர்ட் கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தான். தெரு முனைவரை போனவன் திரும்பி வந்து எங்கள் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். லோர்னா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் படுக்கை விரிப்புகளை அன்று காலையிலேயே மாற்றி வைத்திருந்தேன்.

அந்த வீட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று அறையிலும் விளக்கு. நான் வாளி எடுத்துக்கொண்டு ஓடினேன், விரிப்பு துவைத்தேன், இஞ்சி சோடாவைக் கரண்டியால் ஊட்டினேன். கர்ட் படுத்தபடியே, எட்டு வயதில் ஏரியில் என்னோடு மீன் பிடித்ததைப் பேசினான். நாற்பது வருஷத்தில் அவன் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஜோலீன் ஒரு தடவை வாய்தவறி என்னை "அப்பா" என்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் மூன்று பேரும் "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்றார்கள். எங்கள் ஆட்கள் கூரை பறந்துபோனாலும் அதைத்தான் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை கர்ட்டும் ஜோலீனும் எழுந்து உட்கார்ந்தார்கள். லோர்னா உட்காரவில்லை.

அவளுக்கு ஒரு சிறுநீரகம்தான். ஏழு வருஷத்துக்கு முன் இன்னொன்றை அவள் அம்மாவுக்குக் கொடுத்தாள். ஆர்டிஸ் ஆறு வருஷம் அதை வைத்துக்கொண்டுதான் வான்கோழி சமைத்தாள். அது எனக்கு நினைவில் இல்லையா என்று அன்று விசாரணையில் கேட்டீர்கள். இல்லை என்றேன். அது பொய். கரண்டியைக் கையில் எடுத்தபோது நினைவில் இருந்தது. ஒன்றாவது இருக்கிறதே என்று நினைத்தேன்.

கர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அப்பா, அவ நிறமே சரியில்ல. டாக்டருக்குப் போன் பண்ணணும்."

"நீ படு. நான் பண்றேன்."

சமையலறைக்கு வந்து ரிசீவரை எடுத்தேன். மாடிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசினேன். காய்ச்சல் எவ்வளவு, எத்தனை தடவை போனாள், என்ன குடித்தாள், எல்லாம் சொன்னேன். நடுவில் நிறுத்தி, "சரிம்மா, சரிம்மா" என்றேன். மறுமுனையில் டயல் ஒலி மட்டும்தான் இருந்தது. அதனிடம் அதன் தாயாரின் இடுப்பு எலும்பு இப்போது தேவலையா என்றுகூட விசாரித்தேன். அந்த விசாரிப்பு இல்லாமல் இங்கே யாரும் போனை வைப்பதில்லை. நாற்பது வருஷமாகக் கதை சொல்கிறவன், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

மாடிக்குப் போய், "ஊர் பூரா இதேதானாம். ஆஸ்பத்திரியில இடமில்லையாம். தண்ணி குடுக்கச் சொன்னாங்க" என்றேன். கர்ட் நம்பினான். படுத்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் வந்தால் அவளைக் கொண்டுபோவார்கள். பின்னாலேயே கர்ட் காரை எடுப்பான். ஜோலீன் விரிப்புகளை மடித்து வைத்துவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொள்வாள். பகல் சாப்பாட்டுக்குள் வீடு காலி.

ஞாயிறு மதியம் நல்ல வெயில். லோர்னாவின் கட்டில்மேல் விழுந்தது. முகம் வீங்கியிருந்தது. முந்தின நாளிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, டாக்டரைக் கூப்பிட்டீங்களா?"

"வந்துட்டிருக்காங்கம்மா."

"உங்களுக்கு ரொம்ப சிரமம்..."

"ஒரு சிரமமும் இல்ல. நீ தூங்கு."

என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். இரண்டரை மணி நேரம் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு கர்ட் எழுந்து வந்து பார்த்துவிட்டு, தன் செல்போனில் கூப்பிட்டான். ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிஷத்தில் வந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. வந்தால் சொல்லி அனுப்புகிறேன்.

இவ்வளவையும் இப்போது ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். உங்கள் அறிக்கையைக் கர்ட் எனக்குப் படித்துக் காட்டினான். மூன்றாம் பக்கத்தில் "முதியவரின் அலட்சியம்" என்று இருக்கிறது. படித்துவிட்டு என் தோளில் கை போட்டு, "உங்க மேல தப்பு இல்லப்பா" என்று அழுதான். ஆனால் அலட்சியம் என்ற சொல் ராத்திரியெல்லாம் உறுத்தியது.

ஹீட்டரை எழுதுங்கள். குமிழை எழுதுங்கள். போனை எழுதுங்கள், நான் சொன்னபடியே எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அலட்சியம் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள், தம்பி. அந்த நாலு நாளும் நான் படுக்கவில்லை, மணிக்கு ஒரு தடவை மூன்று அறைக்கும் போய் வந்தேன். என் மகளை அவ்வளவு கவனமாக யாருமே பார்த்துக்கொண்டதில்லை.