சோபா உறையின் ஈரம்

டாக்டர்: ...எக்ஸ்ரேல வெள்ளையா தெரியுதுல்ல? அஞ்சு, ஆறு... ஏழு.

மகள்: என்ன டாக்டர் அது? எலும்பு ஏதாவது முழுங்கிட்டானா?

டாக்டர்: கல்லும்மா. மூத்திரப்பையில.

மகள்: ஐயையோ! பொடியனுக்கா?

டாக்டர்: பன்னெண்டு வயசு நாய்க்குப் பொடியன்னு பேரா?

அப்பா: வந்தப்போ என் செருப்புக்குள்ள தூங்குவான் டாக்டர்...

மகள்: அப்பா, கதை அப்புறம்! எதனால டாக்டர் இப்படி?

டாக்டர்: ஒரே காரணம்னு சொல்ல முடியாது. கிருமி, சாப்பாடு, ரொம்ப நேரம் அடக்கறது...

அப்பா: கிருமிதான். கிருமியாத்தான் இருக்கும்.

டாக்டர்: இருங்க பெரியவரே. தண்ணி குறைஞ்சாலும் மூத்திரம் கெட்டியாகி, உப்பு படிஞ்சு கல்லாயிடும். நல்லா தண்ணி குடிக்கிறானா?

மகள்: ம்... குடிப்பான்...

டாக்டர்: உதடெல்லாம் காஞ்சு கிடக்கே.

மகள்: அது வந்து... காலையில வேலைக்குக் கிளம்பறப்போ தண்ணிக் கிண்ணத்தை எடுத்து வச்சிடுவேன்.

டாக்டர்: என்னது! எத்தனை நாளா?

மகள்: நாலு மாசம்... வேற என்ன டாக்டர் பண்றது? வேலை முடிஞ்சு வந்தா தினம் சோபா நனைஞ்சு கிடக்கு. உறை துவைச்சே கை ஓஞ்சுபோச்சு. வயசாயிடுச்சு, அடக்க முடியலைன்னு நினைச்சேன்...

டாக்டர்: சோபா மேலயா? இவனா?

மகள்: ஆமா, நேத்துகூட. ஒரு சொம்பு கவுத்த மாதிரி.

அப்பா: மருந்து எழுதிக் குடுங்க டாக்டர், கிளம்பறோம்...

டாக்டர்: மருந்தா? ஒரு கல்லு வழியை அடைச்சிருக்கு, இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். ரெண்டு நாளா சொட்டுச் சொட்டாத்தான் போறான்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அவன் எப்படி ஒரு சொம்பு ஊத்துவான்?

மகள்: அட... ஆமால்ல?

டாக்டர்: இடுப்பு எலும்பு வேற தேஞ்சிருக்கு, பாருங்க. சோபாவில ஏற இவனால முடியவே முடியாது. ஏறினதை நீங்க பாத்தீங்களா?

மகள்: நான் எங்க பாத்தேன்? பகல்ல வீட்ல இருக்கறது அப்பாதான். அவர்தான் சொன்னாரு, பொடியன் ஏறிப் படுத்து... அப்பா? ஏன் தலையைக் குனியறீங்க? அப்பா!

அப்பா: அது அவன் இல்லம்மா... நான். எந்திரிக்கறதுக்குள்ள போயிடுது... உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவன் பக்கத்துல படுத்திருந்தான், அவன் பேரைச் சொல்லிட்டேன். நீ கிண்ணத்தைத் தூக்கினப்போ என் மூஞ்சியையே பாத்தான்மா... அப்பவும் நான் வாயத் திறக்கல.