வளையத்தின் நடு இருட்டு

சாயாவில் ஈ விழுந்தால் நான் அப்படியே கொட்டிவிடுவேன், மேடம். ஈயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிறவர்களைப் பார்த்தாலே குமட்டும். விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், என்னைக் கொடூரமானவன் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, 'உன்னத ஒளியியல் மையம்' என்று பலகை மாட்டினோம். இயக்குநர் நான். வேலை இதுதான்: லேசர் கற்றையைத் திருகாணி போல முறுக்கிப் பிளாஸ்மாவுக்குள் விட்டு, எதிரே வரும் இன்னொரு கற்றையின் ஆற்றலை அதற்கு ஊட்டிப் பல மடங்காக்குவது. கண்ணாடிக்குள் செய்தால் கண்ணாடி வெடித்துவிடும். பிளாஸ்மா ஏற்கெனவே சிதைந்த வாயு. மேற்கொண்டு கெட அதில் ஒன்றுமில்லை. முறுக்கிய கற்றை வளையமாக விழும், நடுவில் இருட்டு. பெருக்கிய பிறகும் அந்த இருட்டு இடம் மாறாமல் நின்றால் வெற்றி.

நீங்கள் விசாரிக்க வந்த அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. போன தடவை கரிமீன் முள்ளைத் துப்பிக்கொண்டே தேசத்தின் அறிவியல் எதிர்காலத்தைப் பேசியவர்கள். ஆனால் நிதிக்கு அவர்கள் கையெழுத்து வேண்டும்.

இசக்கிமுத்து எங்கள் டெக்னீஷியன். சுள்ளிக்கல்காரன், தோப்பும்படியில் படகு எஞ்சின் பார்த்த கை. கற்றையைத் திருப்பிவிடும் கடைசிக் கண்ணாடியின் பின்னால் கசிகிற துளி ஒளியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

"காகிள்ஸ் போட்டுக்கட்டா சாரே?"

"போட்டா ஒளியே தெரியாதுடா. அப்புறம் எதைப் பார்ப்பே?"

"எந்தக் கண்ணு வச்சுப் பாக்கணும்?"

"எது நல்லாத் தெரியுமோ, அது."

வலது கண்ணை வைத்தான். சிரித்தான். "உளுந்தவடை போலல்லோ இருக்கு சாரே. நடுவுல ஒண்ணுமில்ல, கறுப்பு."

அது பெருக்காத கற்றை. அது எனக்கு எதற்கு? "கண்ணை எடுக்காதே" என்று சொல்லிவிட்டு ஆற்றல் ஊட்டும் இரண்டாவது கற்றையைத் திறந்தேன். கருவிழி நடு இருட்டுக்குள் அடங்கும் என்பது கணக்கு. இருட்டு மயிரிழை விலகினாலும் கண் போகும் என்பதும் அதே கணக்குதான். விலகுகிறதா என்று பார்க்கத்தானே அவனை நிறுத்தினேன்.

விலகியது.

கேமரா இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த புதுசு, பெட்டிகூடப் பிரிக்கவில்லை. குழு வருகிற நேரத்தில் அது பொசுங்கினால் அசிங்கம்.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி சங்கரி மூக்கைச் சிந்திய கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கண்ணால பாத்தா எனக்கு மூஞ்சியே இல்லையாம் சாரே. சுத்திலும் முடி மட்டும் இருக்காம்." மூன்று முறை சோப்புப் போட்டும் பிசுபிசுப்புப் போகவில்லை.

விபத்து அறிக்கையில் 'காகிள்ஸ் அணியவில்லை' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை.

இன்னொன்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு கற்றையைச் சரிசெய்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், இனிஷியலோடு. ஈரமில்லாதவன் செய்கிற காரியமா மேடம் அது?