ஒரு விரல் மரியாதை

எங்கள் பக்கத்தில் எதிரே ஒரு வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவோம். கையை எடுக்க வேண்டியதில்லை, சிரிக்க வேண்டியதில்லை, வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. ஒரு விரல், அவ்வளவுதான். நீங்கள் நகரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், ஐயா, அதனால் சொல்கிறேன். நாள் முழுக்க ஓட்டினால் இரண்டு வண்டி எதிரே வரும் ரோட்டில், அந்த இரண்டு பேரையும் கண்டும் காணாமல் போகிறவன் என்ன மாதிரி ஆள்? பகையாளிகூடத் தூக்குவான். என் மைத்துனன் பதினோரு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. ரோட்டில் பார்த்தால் தூக்குகிறான்.

என் பெயர் ரெக்ஸ் டன்ஸ்டன். கால்வர்ட்டிலிருந்து நெதர்பி மாட்டுப் பண்ணை வரைக்கும் தபால் வண்டி ஓட்டுகிறேன். ஒரு வழி இருநூற்று எழுபது கிலோமீட்டர், முழுக்க மண் ரோடு. செவ்வாய் போய்ப் புதன் திரும்புவேன், வெள்ளி போய்ச் சனி திரும்புவேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தபால்கூடத் தவறியதில்லை. கோடை உச்சமான ஜனவரியில் அந்த ரோட்டில் ஓடுகிற வண்டி என்னுடையது ஒன்றுதான். வெயில் நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று நிற்கும்போது வேறு யாருக்கு அங்கே வேலை இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹைவே பக்கம் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வெள்ளி நிறத்தில் ஒரு புது ஜீப் வந்தது. நான் விரலைத் தூக்கினேன். ஓட்டி வந்தவர் என்னை நேராகப் பார்த்தார், பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். அவர்தான் நெவில். பக்கத்தில் அவர் மனைவி ஐரிஸ்.

மத்தியானம் பெரிலின் மதுக்கடையில் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கால்வர்ட்டில் முப்பத்தெட்டுப் பேர்; இருக்கிறது ஒரே கடை. அங்கே மூலையில் ஒரு ஸ்டூல் என்னுடையது. வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள். நான் உட்கார்ந்து ஒரு மடக்குக் குடிப்பதற்குள் நெவில் எழுந்து வந்து என் தொப்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐரிஸ், இங்க வா, இவர் பக்கத்துல நில்லு. நெஜமான பாலைவனத்து ஆளு. இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் மிச்சமோ" என்றார். படம் எடுத்தார். பிறகு என் தோளைத் தட்டி, "என்ன பெரியவரே, இங்க பொழுது போகலேன்னா என்ன பண்ணுவீங்க? ஈ எண்ணுவீங்களா?" என்றார்.

கடையில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். பெரில் ரொம்பச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர் என்று பிறகு செய்தித்தாளில் படித்தேன்.

அந்தம்மா வேறு மாதிரி. கணவர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க. முப்பது வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தவரு, எல்லாரையும் வகுப்புல உட்கார்ந்திருக்கிற பசங்கன்னே நெனைப்பாரு" என்று சொல்லி என் பெயரைக் கேட்டார். நெவில் கடைசிவரை கேட்கவில்லை.

மறுநாள் நெதர்பி ரோட்டில் போய் உப்பு ஏரிக் கரையில் கூடாரம் போடப்போகிறார்கள், வியாழக்கிழமை திரும்பிவிடுவார்கள் என்று தெரிந்தது. ஜனவரியில் ஏரிக்குப் போகிற பைத்தியங்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு வரும். போகிறவர்கள் சார்ஜென்ட் மொய்லிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், குறித்த நாளில் வராவிட்டால் அவர் தேடப் போவார், இதுதான் ஏற்பாடு. பெரில் அதைச் சொன்னாள். மொய்ல் அன்று ஊரில் இல்லை, திங்கள் பத்து மணிக்குத்தான் வருவார். விடியும் முன்னே கிளம்ப வேண்டும் என்று நெவில் முகம் சுளித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே தபால் வண்டி? அதே ரோடுதானே? நாங்க அங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரியும். அது போதாதா?"

"போதும்" என்றேன்.

அதை நான் மறுக்கவில்லை. பெரிலும் அதோடு விட்டுவிட்டாள். இந்த ஊரில் ரெக்ஸுக்குத் தெரியும் என்றால் சார்ஜென்ட் புத்தகத்தில் எழுதியதைவிட மேல். டயர் போனவன், மாடு முட்டியவன், பிரசவத்துக்குக் கிளம்பினவள், யாராக இருந்தாலும் நான் நிறுத்தாமல் போனதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணி இருக்கும். நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் அந்த ஜீப் பானட் திறந்தபடி நின்றது. திங்கள் காலையிலேயே கெட்டு நின்றிருக்கிறது. என் வண்டி கிளப்பிய புழுதியைத் தூரத்திலிருந்தே பார்த்திருப்பார்கள். நெவில் சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் ஆட்டினார். அந்தம்மா கேமராவோடு நின்றார். நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கிற படம் அப்போது எடுத்ததுதான். காப்பாற்ற வருகிறவன் என்று எடுத்திருப்பார். நல்ல படம். விரல் தெளிவாகத் தெரிகிறது.

ஆமாம், விரலைத் தூக்கினேன், வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்ச தூரம் போய் நிறுத்துவேன் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டையை இறக்காமலே நின்றார். அப்போது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொன்னால் சின்னத்தனமாகத்தான் இருக்கும். உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். நெதர்பி போகும்வரை விசிலடித்துக்கொண்டே போனேன். இரவு அங்கே ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன்.

ஒரு நாள் என்றுதான் நினைத்திருந்தேன். பெரில் அவர்களுக்கு இரண்டு கேன் தண்ணீர் நிரப்பிக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு ஹெட்மாஸ்டர் ஒரு நாள் வெயிலில் உட்கார்ந்து ஈ எண்ணினால் உயிரா போய்விடும்?

புதன்கிழமை நிறுத்த வேண்டும் என்றுதான் கிளம்பினேன். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, விரலைத் தூக்கியிருக்கிறேன். வண்டி கெட்டது தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. ரெக்ஸ் வேண்டுமென்றே விட்டுப்போனான் என்று அவர் பெரில் கடையில் நின்று சொன்னால், அதன்பிறகு அந்த ஸ்டூலில் நான் எந்த முகத்தோடு உட்கார்வது?

இந்தத் தடவை நெவில் ரோட்டுக்கு நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார். உதடு வெடித்திருந்தது. நான் இடது பக்கம் கூழாங்கல் தரையில் இறக்கி அவரைச் சுற்றி ஓட்டினேன். இடித்துவிடக் கூடாது என்று கவனமாகத்தான் ஓட்டினேன். பின்னாலேயே ஓடிவந்து வாய்க்கு வந்தபடி கத்தினார். ஒரு கல்லை எடுத்து எறிந்தார். பின்பக்க விளக்கு உடைந்தது. அது தபால் வண்டி, ஐயா. கல்லெறிகிறவனுக்கு நான் எதற்கு நிறுத்த வேண்டும்? உண்மையைச் சொன்னால், அந்தக் கல் விழுந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பெரில் என் முன்னால் இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏன் ரெக்ஸ், அந்த ஹெட்மாஸ்டர் ஜோடி இன்னைக்கு வர்றதா இருந்துச்சே. கண்ணுல பட்டாங்களா?"

"பார்த்தேனே. ஏரிக்கரையில நல்லாத்தான் இருக்காங்க. இன்னும் ஒரு வாரம் இருக்கப் போறாங்களாம்."

"அந்த வெயில்லயா? கொழுப்புதான்" என்றாள். பிறகு, "சரி, நீ பார்த்திருந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மொய்ல் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் ரொட்டியைத் தின்று முடித்தேன். பெரிலைத் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். விஷயம் வெளியானதிலிருந்து அவள் கடையைத் திறக்கவில்லை என்கிறார்கள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

வெள்ளிக்கிழமை, ஜீப்புக்கு இருபது கிலோமீட்டர் முன்னாலேயே நெவிலைப் பார்த்துவிட்டேன். ஊரைப் பார்த்து நடந்து வந்திருக்கிறார். ரோட்டோரம் ஒரு புதருக்கு அடியில் படுத்திருந்தார், ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தது. அவருக்கு இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவருக்கும் விரலைத் தூக்கிவிட்டுத்தான் போனேன்.

ஜீப்பில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தம்மா வண்டிக்கு அடியில், நிழலில் இருந்தார். பக்கத்தில் காலி பீச் பழ டின்கள் நாலு. அந்த ரசத்தைக் குடித்துத்தான் அதுவரை தாக்குப்பிடித்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஒரு கையை வெளியே நீட்டினார். அப்போது நான் வண்டியை நிறுத்தினேன். ஆமாம், நிறுத்தினேன். அது உங்களுக்குத் தெரியாது இல்லையா? எந்தப் படத்திலும் இல்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

குனிந்து பார்த்தேன். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ரெக்ஸ்தானே?" என்றார். பெயரை மறக்கவில்லை. "நெவில் உங்க ஊருக்குத்தான் நடந்து போனாரு. புதன்கிழமை சாயங்காலம். பார்த்தீங்களா?"

"பார்த்தேம்மா. வந்து சேர்ந்துட்டாரு. பெரில் கடையில பீர் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்காரு."

அவர் சிரித்தார். அழவும் செய்தார், ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை. "நான் சொன்னேன் அவருகிட்ட. நீங்க செவ்வாக்கிழமை விரலைத் தூக்கினீங்க இல்ல, அது பார்த்துட்டேன்னு அர்த்தம், அந்த ரெக்ஸ் நல்லவரு, போய்ச் சொல்லுவாருன்னு. அவருதான் கோபப்பட்டு... கல்லெறிஞ்சதுக்கு மன்னிச்சிடுங்க."

இப்படி ஒருவர் பேசினால் யாருக்கும் மனசு இளகும். எனக்கும் இளகியது. வண்டியில் அறுபது லிட்டர் தண்ணீர் இருந்தது. ஒரு எனாமல் குவளையில் பாதி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். இன்னும் கேட்டார். ஒரேயடியாகக் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது என்று சொன்னேன். அது சரியான வைத்தியம்தான், எந்த டாக்டரும் அதையே சொல்வார்.

ஆனால் அவர் சொன்னதை நான் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவருக்குச் செவ்வாய்க்கிழமை தெரியும், புதன்கிழமை தெரியும். கோபமில்லாமல், நன்றியோடு, மொய்லிடம் அப்படியே சொல்வார். "ரெக்ஸ் இரண்டு தடவை போனார், மூன்றாவது தடவை காப்பாற்றினார்" என்று மகளிடம் சொல்வார், செய்தித்தாள்காரனிடம் சொல்வார். பெரில் வியாழக்கிழமை நான் சொன்னதை நினைத்துப் பார்ப்பாள்.

"என்னை ஏத்திக்கிட்டுப் போங்க ரெக்ஸ்" என்றார்.

தபால் வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது விதி. நான் எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறேன், அது வேறு விஷயம். விதி இருக்கிறது. அதைத்தான் சொன்னேன். சார்ஜென்ட் ஆம்புலன்ஸோடு பின்னாலேயே வருகிறார், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார் என்றும் சொன்னேன். "வண்டியை விட்டு மட்டும் நகராதீங்கம்மா. நகர்ந்தவங்கதான் இந்த ஊர்ல செத்துப்போறாங்க." இதுவும் சரியான புத்திமதி. எங்கள் ஊரில் வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறோம்.

நகரமாட்டேன் என்றார். என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். குவளையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று நெதர்பிக்குப் பதினைந்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை திரும்பி வரும்போது அந்தம்மா அதே இடத்தில் இருந்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டுக் கை அசைந்தது. காற்றில் துணி அசைந்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காற்று இல்லை. கைதான் அசைந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன், ஒரு நிமிஷம் பார்த்தேன், பிறகு கியரை மாற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். ஐந்து நாள் கழித்துத்தான் மாடு தேடிப் போன ஒரு சின்ன விமானம் அந்த ஜீப்பைப் பார்த்தது. நான் எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு அவருடைய மகள் வருவதாகச் சொன்னீர்கள். அந்தப் பெண்ணிடம் நீங்களே என் சார்பாக ஒன்று சொல்ல வேண்டும். மரியாதை தெரியாதவர் அவளுடைய அப்பாதான். அம்மாமேல் எனக்குக் கடைசிவரை எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதைக் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.