முட்டி போட்ட சிப்பாய்

— அதுக்காக என் தம்பி தலையில சட்டியைக் கவுத்து வைப்பியா?

— சட்டி இல்ல அண்ணி, ஹெல்மெட். அதோட நிழல் புருவத்துல எந்த எடத்துல விழுதுன்னு பார்க்கணும். செருப்பைக் கழட்டிட்டு வாங்க. அந்தச் சாக்பீஸ் கோட்டை மட்டும் தாண்டாதீங்க.

— நடுவீட்டுல எதுக்குக் கோடு?

— தாண்டினா இவர் திரும்பிப் பார்ப்பாரு. திரும்பினா கழுத்துல மடிப்பு மாறிடும்.

— டேய் தம்பி! மூணு வாரமா போனை எடுக்க மாட்டேங்கற. என்னமோ ஏதோன்னு ரெண்டு பஸ் மாறி ஓடி வந்திருக்கேன். நீ என்னடான்னா ஒத்தை முட்டி போட்டுட்டு ஒட்டடைக் கம்பைக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்க!

— வ்வாக்கா. ந்நல்லா இருக்கியா?

— ஏன்டா பல்லைக் கடிச்சிட்டுப் பேசற? என் மேல கோவமா?

— இல்லக்கா. த்தாடை அசையக் கூடாது.

— அவர் எதிரியைப் பார்த்துட்டாரு அண்ணி. அதான் தாடை இறுகிப் போயிருக்கு.

— எதிரியா? எங்க?

— அந்த பிரிட்ஜுக்குப் பக்கத்துல.

— கடவுளே! நெஞ்சுல ரெண்டு தலையணை, அதுக்கு மேல பெல்ட்டு, பெல்ட்டுல ரெண்டு எலுமிச்சம்பழம். காதுல என்னது அது, சார்ஜர் வயரா? ஏம்மா, நல்லா இருந்த மனுஷனை இந்தக் கோலம் பண்ணி வெச்சிருக்கியே, உனக்கே அடுக்குமா?

— நானாப் பண்ணலை அண்ணி. இவனுக்காகப் பண்றேன். இதோ, இவன்.

— ஆத்தாடி! இவ்ளோ பெரிய பொம்மையா? என் முழங்கை உசரம் இருக்கானே!

— பொம்மைன்னு சொல்லாதக்கா. மாடல்.

— என்னங்க, தாடை!

— ச்சாரிம்மா.

— பெட்டியில நூத்திப் பன்னெண்டு துண்டா வந்தான் அண்ணி. கை தனி, கட்டை விரல் தனி, காது மடல் தனி. ஒட்டி, உரசி, மாவு பூசி, திரும்ப உரசி, அப்புறம்தான் பெயின்ட்டு. ராஜா காலத்து ஆளா இருந்தா கேடயத்தைக் குடுத்து நிக்க வெச்சிடலாம். இவன் இந்தக் காலத்துச் சிப்பாய். முட்டிக்கு உறை, காதுல மைக்கு, முதுகுல தண்ணிப் பை, அதுலேர்ந்து வாய்க்கு ஒரு குழாய். பாக்கெட் மட்டும் பதினேழு.

— அத்தனை பாக்கெட்டுல என்ன வெச்சிருப்பான்?

— அது தெரியாது. ஆனா எல்லாம் புடைச்சிட்டு இருக்கணும். அதான் இவரோட பாக்கெட்டுல துணி கிளிப்பெல்லாம் போட்டுப் பார்த்தேன்.

— பச்சைச் சட்டைதானே? பச்சையை அடிச்சு விட்டா தீர்ந்து போச்சு. அதுக்கு என் தம்பி எதுக்கு?

— ஒரு பச்சை இல்ல அண்ணி, ஆறு பச்சை. ரெண்டு பழுப்பு. மடிப்புக்கு உள்ள இருட்டு, மேல வெளிச்சம், நடுவுல புள்ளி புள்ளியா. மடிப்பு எங்க விழுதுன்னு ஆளை உக்கார வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

— அந்தச் சட்டையைப் போடறதே கண்ணுல படாம ஒளிஞ்சுக்கறதுக்குத்தானே? நீ நல்லா அடிச்சேன்னா இவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டானே. அப்புறம் யாருக்குக் காட்ட இவ்வளவு பாடு?

— ந்நானும் இதைத்தான் கேட்டேன்க்கா.

— என்னங்க!

— ச்சாரி.

— இரு இரு, இவன் மூஞ்சியைக் காட்டு. அட, இந்த மூக்கு! இது எங்க வீட்டு மூக்குல்ல? எங்கப்பாவுக்கு இப்படித்தான் நுனியில கொஞ்சம் சப்பையா இருக்கும்.

— பெட்டியில வந்த மூக்கு கூரா இருந்துச்சு. லேபுல பல் செட்டுக்கு வெச்சிருக்கற மெழுகைக் கொஞ்சூண்டு எடுத்து மாத்திட்டேன். வாய்க்குள்ள பல்லும் இருக்கு அண்ணி. மேல பதினாலு, கீழ பதினாலு.

— வாயைத்தான் மூடிட்டிருக்கானே!

— மூடியிருந்தா என்ன? பல்லு இருக்கணுமில்ல?

— ஏம்மா, நீ பல் செட் செய்யறவ. அதைச் செய்யேன். எவனாவது பல்லில்லாத மனுஷன் உன்னை வாழ்த்துவான். எங்கேர்ந்து வந்துச்சு இந்தக் கிறுக்கு?

— ஆசை அண்ணி. சின்ன வயசுலேர்ந்தே.

— ம்மா... ஒரு நிமிஷம். பாத்ரூம்.

— நாலு நிமிஷம் எடுத்துக்கங்க. துப்பாக்கியை இங்கேயே வெச்சிட்டுப் போங்க. போன தடவை கதவுல இடிச்சிட்டீங்க.

— அக்கா, கையைக் குடு. கால் மரத்துப் போச்சு. நேத்து என் மூக்கு மேல ஈ உக்காந்துச்சு பாரு, கால் மணி நேரம். நான் கண்ணைக்கூடச் சிமிட்டலையே!

— பெருமையைப் பாரு! ஜன்னலை வேற தொறந்து போட்டிருக்கீங்க. எதிர் வீட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?

— எதிர் வீட்டு மாமா மொத நாள் ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நின்னுட்டாருக்கா. இப்பப் பழகிடுச்சு. தினம் ஒரு சல்யூட் வெச்சிட்டுத்தான் காய் வாங்கப் போறாரு.

— போடா, போ. போயிட்டு வா. எனக்குப் படபடன்னு வருது. தொண்டையெல்லாம் காஞ்சு போச்சு. இந்தத் தண்ணியைக் குடிச்சுக்கறேன்மா.

— ஐயோ அண்ணி, வேண்டாம்! அது பிரஷ் கழுவற டம்ளர்!

— அடிப்பாவி! முக்கால் டம்ளர் உள்ள போயிடுச்சே! ஆறு பச்சையும் ரெண்டு பழுப்பும் என் வயித்துலயா? டாக்டரைக் கூப்பிடு! எம் புள்ளைங்களுக்குச் சொல்லு!

— ஒண்ணும் ஆகாது அண்ணி. உக்காருங்க.

— எப்படி ஆகாது? விஷம்டி அது! நாக்கு பச்சையா இருக்கா பாரு. ஆ...

— இல்ல. நல்லாத்தான் இருக்கு.

— ஒரு நிமிஷம் இரு. இது நல்ல தண்ணியாட்டம்ல இருந்துச்சு? வாசனையும் இல்ல ஒண்ணும் இல்ல. டம்ளர் அடியில பளிச்சுன்னு என் மூஞ்சி தெரியுது.

— மெதுவாப் பேசுங்க அண்ணி. பாத்ரூம் கதவு சரியாச் சாத்தாது.

— நான் வந்ததுலேர்ந்து பார்க்கறேன், அந்தப் பிரஷ்ஷை இதுல விட்டு விட்டுத்தானே எடுத்த? பெயின்ட்டு எங்க?

— முடிஞ்சிருச்சு.

— தீர்ந்து போச்சா? வாங்க வேண்டியதுதானே?

— பெயின்ட்டு இல்ல அண்ணி. மாடல் முடிஞ்சிருச்சு. பன்னெண்டு நாள் ஆச்சு. நான் வெறும் ஈரப் பிரஷ்ஷால தடவிட்டிருக்கேன்.

— என்னடி சொல்ற? பன்னெண்டு நாளா எந்தம்பியைச் சும்மாவா முட்டி போட வெச்சிருக்க?

— அண்ணி, நீங்க இவர் ஆபீஸுக்குப் போன் பண்ணிப் பார்த்தீங்களா?

— பண்ணாம? நம்பரே இல்லைங்குது. நேர்ல போனேன். அந்த எடத்துல இப்ப நாய்க்கு முடி வெட்டற கடை இருக்கு. ஆபீஸ் எங்கய்யான்னு கேட்டா, நாயைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றான். அதைக் கேட்கத்தான் உங்கிட்ட வந்தேன். உனக்குத் தெரியுமா?

— தெரியும். பிராஞ்சை மூடி ரெண்டு மாசம் ஆச்சு. இவர் என்கிட்ட வாயே தொறக்கலை. தினம் டப்பாவை எடுத்துட்டுக் கிளம்பிடுவாரு. ஒருநாள் ஒரு கிளினிக்குக்குப் பல் செட் குடுக்கப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல இவர் உக்காந்து சாப்பிட்டிட்டு இருந்தாரு. எதிர்ல பஸ்ஸா வந்து போகுது. ஒண்ணுலயும் ஏறலை. பக்கத்துல இருந்த ஆளுக்கு எந்த பஸ் எங்க போகும்னு சொல்லிட்டிருந்தாரு. வேலை பார்க்கற மாதிரியே.

— என் ராசா... நீ போய்க் கேட்கலையா?

— கேட்டா அவர் பதில் சொல்லணுமே அண்ணி. எனக்கு அவரைப் பதில் சொல்ல வைக்க முடியலை. வர்ற வழியில ஒரு கடையில ஏறி, ரொம்ப நாள் இழுக்கற வேலையா எது இருக்குன்னு கேட்டேன். இந்தப் பெட்டியைக் குடுத்தான். வீட்டுக்கு வந்து, இதைச் செய்ய எனக்கு ஆள் வேணும், லீவு போடுவீங்களான்னு கேட்டேன். எவ்வளவு நாள் வேணும்னாலும் போடறேன்னாரு.

— அப்ப அந்தச் சின்ன வயசு ஆசை?

— எனக்குப் பொம்மைன்னாலே ஆகாது அண்ணி. இவன் மூஞ்சியைப் பார்த்தா அப்படி எரிச்சலா வருது.

— அப்ப முடிஞ்சிருச்சுன்னு சொல்லித் தொலைச்சு எங்கயாவது தூக்கி வை.

— முடிஞ்ச அன்னிக்கு, இனிமே நான் வேண்டாமான்னு கேட்டாரு. அந்தக் குரலைக் கேட்டுட்டு எப்படி? காலர் பாக்கி இருக்குன்னுட்டேன்.

— கதவு சத்தம் கேக்குது. வந்துட்டான். கண்ணைத் தொடச்சுக்க.

— நாலு நிமிஷம்னா நாலு நிமிஷம். பார்த்தியாக்கா? என்ன ரெண்டு பேரும் ஒரு மாதிரி இருக்கீங்க? சண்டையா?

— சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உக்காருடா. அப்படி இல்ல, முன்னே எப்படி இருந்தியோ அப்படி. தோள் தொங்குது பாரு. எதிரி பிரிட்ஜுக்குப் பக்கத்துல இருக்கான், நீ வாசலைப் பார்த்துட்டிருக்க!

— அக்கா, நீயுமா?

— வாயை மூடு. தாடை மாறுது.

— அண்ணி, லேபுலேர்ந்து போன். பால்கனியில நின்னு பேசிட்டு வந்துடறேன். இவர் அசையாம பார்த்துக்கங்க.

— நீ போம்மா. நான் பார்த்துக்கறேன்.

— அக்கா... அவ போயிட்டாளா?

— போயிட்டா. ஏன்?

— உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

— எனக்கே தெரியும்டா. உன் பிராஞ்சை மூடிட்டாங்க. நான் போய்ப் பார்த்தேன். வருத்தப்படாத, ஒருநாள் இல்லைன்னா ஒருநாள் வேற வேலை கிடைக்கும்.

— கிடைச்சிருச்சுக்கா.

— என்னது?

— போன வாரம் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாங்க. அவ லேபுக்குப் போயிருந்தா. பழைய வேலையைவிட நல்ல வேலை. இந்தத் திங்கள் வந்து சேரச் சொன்னாங்க.

— திங்கள் போயி இன்னிக்கு வியாழன்டா மடையா! எந்திரி! எந்திரிச்சு ஓடு! எதுக்குடா இன்னும் இங்க முட்டி போட்டுட்டிருக்க?

— கத்தாதக்கா. ரெண்டு வாரம் தவணை கேட்டிருக்கேன். பாவம் அவ, எவ்வளவு ஆசையா இதைச் செஞ்சிட்டிருக்கா. பாதியில எந்திரிச்சுப் போக எனக்கு மனசு வரலை.