வராத பஸ்ஸுக்கு ஒரு நிழற்குடை

“ஹலோ... ஆமா, புகார்ப் பிரிவுதான்... யாரு? அட, நீயா மச்சான்! உன் குரலைக் கேக்கத்தான் காலையிலேர்ந்து தவம் கிடக்கேன்... ஆமா ஆமா, உன் படைப்பு விஷயமாத்தான்.”

பேசிக்கொண்டிருந்தவர் பேருந்துக் கழகத்தில் புகார் கேட்பவர். மறுமுனையில் இருந்தவன் அவர் மனைவியின் தம்பி, கலைஞன். பூங்காவுக்கு நட்ட நடுவில், சாலையே இல்லாத புல்தரையில், பஸ் நிழற்குடை ஒன்றை நிறுத்தி, பெஞ்சும் போட்டு, ‘காத்திருத்தல்’ என்று பெயர் வைத்திருந்தான். ஒரு மாதக் காட்சி. தலைவலி மட்டும் அக்காள் புருஷனுக்கு.

“ஜனங்க என்ன சொல்றாங்களா? மெய்மறந்துட்டாங்கப்பா! உக்காந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க... இரு, ரொம்ப நெகிழாதே. பஸ் ஏன் இன்னும் வரலைன்னு எனக்குப் போன் மேல போன் போடறாங்க... சிரிக்காதே! நிஜமாத்தான்... ரோடே இல்லைன்னு நானும் சொன்னேன். ‘ரோடு போடாதது யார் தப்பு?’ன்னு எகிறுறாங்க. ஒருத்தர், ‘முன்னெல்லாம் இங்க பஸ் ஒழுங்கா வந்துச்சு’ன்னு ஒரே சண்டை... ஆமா, போன வாரம் நீ வச்ச ஸ்டாப்லதான்!”

ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“நான் என்ன பதில் சொன்னேனா? அது வந்து... கிளம்பிடுச்சு, வந்துகிட்டே இருக்குன்னு... கத்தாதே, கத்தாதே! இந்த சீட்டுல உக்காந்த நாள்லேர்ந்து இந்த வாய் வேற என்னத்தைச் சொல்லியிருக்கு? தானா வந்துடுச்சு. இப்ப அதை நம்பி இன்னும் நாலு பேர் வந்து உக்காந்திருக்காங்க.”

குரல் இறங்கியது. வரப்போவது கெஞ்சல் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

“கேளு மச்சான். மேனேஜர் கொதிக்கிறார். சாயங்காலத்துக்குள்ள புகார் நிக்கலைன்னா, எங்க தெருவுக்கு விட்ட பஸ்ஸைப் பிடுங்கி அங்க அனுப்பிடுவேங்கறார். உங்க அக்கா நாள் பூரா தையல் கம்பெனில நிக்கறவ. அந்த பஸ்ஸுக்காக நான் எத்தனை பேர் கால்ல விழுந்தேன்! அது வந்த அன்னிக்கு அவ முகத்தை நீ பாக்கலையே... அதான், ஒரு சின்ன போர்டு. ‘இங்கு பஸ் வராது.’ அவ்வளவுதான்... கலை செத்துடுமா? சரி... சரி... பார்வையாளன் தானா உணரணும். உணரட்டும், நல்லா உணரட்டும்! உங்க அக்கா காலும் சேர்ந்து உணரட்டும்... இரு, மேனேஜர் கூப்பிடறார். வச்சுடாதே.”

ரிசீவரை மேசையில் கிடத்திவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. குரலில் மட்டும் தேன் ஒழுகியது.

“இருக்கியா? வாழ்த்துகள், மச்சான். பெரிய வெற்றி. பார்க் வேலியைப் பிரிச்சு, நாளையிலேர்ந்து உன் ஸ்டாப்புக்கு பஸ் விடறாங்க... ஆமா, நிஜ பஸ். டிரைவர், கண்டக்டர், ஹாரன் எல்லாம் உண்டு... ஏன் அலர்றே? பஸ் வந்துட்டா ‘காத்திருத்தல்’ போயிடுமா? அடடா... புகார் பண்ணணுமா? பண்ணு, தாராளமா பண்ணு. பஸ் வருதேன்னு புகார் குடுக்கற முதல் ஆளு நீதான்... எந்த பஸ்ஸா? இன்னுமா புரியலை? எங்க தெரு பஸ்தான்டா!”

எதிர்முனை எதையோ இழுத்து இழுத்துச் சொன்னது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“மன்னிப்பை நான் வாங்கி என்ன பண்றது? வீட்டுக்கு வா. நாளைக்கு நடந்து போகணும்னு உங்க அக்காகிட்ட நான் சொல்லப் போறதில்லை, நீயே உன் வாயால சொல்லு... என்ன முக்கியமான வேலை? எப்ப வருவே? அதைச் சொல்லு முதல்ல...”

பதிலைக் கேட்டதும் அவர் காதுவரை சிவந்துபோனார்.

“‘கிளம்பிட்டேன், வந்துகிட்டே இருக்கேன்’னா சொல்றே? டேய், யார்கிட்ட... ஹலோ? ஹலோ!”